நிலத்தை வரைவோர் யார்?
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளின் கணக்கை நம் செயலாளர் சற்று முன்னர்ப் படித்தார். ஆசிரியர்கள், செவிலியர், பொறியாளர், வழக்குரைஞர், அரசு அலுவலர் என நம் உதவிபெற்றுப் படித்து உயர்ந்தோரின் பட்டியலைக் கேட்டு மகிழ்ந்தோம். கையொலியும் எழுப்பினோம். அந்த மகிழ்ச்சியில் நமக்குக் குறையில்லை. ஆயினும், வெள்ளிவிழா என்பது வரவை மட்டும் எண்ணும் நாளன்று. விட்டுப்போனவற்றையும் எண்ணிப் பார்க்கும் நாள். அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு விண்ணப்பத்தைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம். தலைப்போ நிலக்காட்சி ஓவியம். "கல்விச் சங்கத்தின் மேடையில் ஓவியத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் எண்ணக்கூடும். அந்தக் கேள்வியைத்தான் நாமும் அன்று கேட்டோம். கேட்டதன் விளைவையும் கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியைச் சேர்ந்த மாணவன் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினான். ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும். கட்டணத்துக்கும் வண்ணங்களுக்கும் தாளுக்கும் உதவி வேண்டும் என்பது அவன் வேண்டுகோள். செயற்குழுவில் நாம் அமர்ந்திருந்தோம். "படம் வரைவது ஒரு படிப்பா? பத்துப் பேர் பொறியியலுக்கு நிற்கும்போது வண்ணப்பெட்டிக்குப் பணம் கொடுப்பதா?" என்று பேசிக்கொண்டோம். நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஒரே வரியில் அந்த விண்ணப்பம் முடிந்தது. எவர்மீதும் பழிசுமத்த இதைச் சொல்லவில்லை. அந்த வரியின் கீழே நம் கையொப்பமும் இருக்கிறது.

இவ்விழா மலருக்காகப் பழைய மாணவர்களைத் தேடிச் சென்றபோது அவன் வீட்டுக்கும் போனோம். விளம்பரத் தட்டிகள் அச்சிடும் கடையொன்றில் அவன் வேலை செய்கிறான். அவனுடைய அன்னையார் பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கினார். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் பள்ளியில் மிஞ்சிய வண்ணச் சுண்ணக்கட்டித் துண்டுகளால் வரைந்த படங்கள். கனகன் ஏரியின் கரை, மழைக்கு முந்திய வானம், முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்கள் நால்வர். ஆனால் பாதிப் படம் அழிந்திருந்தது. சுண்ணப்பொடி உதிர்ந்து, இடையில் வைத்திருந்த செய்தித்தாளில் ஒட்டிக்கொண்டிருந்தது. "அந்தக் குனிஞ்ச முதுகு என்னுதுதான்யா" என்றார் அந்தத் தாய். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. வண்ணம் உதிராமல் நிலைநிறுத்த ஒரு திரவம் உண்டு என்பதையும், படத்தைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்க அவனுக்கு ஓர் ஆசிரியர் வாய்க்கவில்லை. வாய்த்திருக்க வேண்டிய இடத்தில் நாம் ஒரு வரி எழுதியிருந்தோம்.

அந்தப் படத்தில் நாம் கண்டது என்ன? அதைச் சொல்ல முதலில் நிலக்காட்சி ஓவியம் என்பது யாது என நாம் தெளிய வேண்டும். மலை, மரம், நீர், வானம் ஆகியவற்றைக் கண்ணுக்கு இனிதாக வரைவது என்பர் பலர். தமிழர் நிலத்தைக் கண்ட முறை அதுவன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்திணை வகுத்த நம் முன்னோர், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். அந்நிலத்தில் வாழும் அனைத்தையும் கருப்பொருள் என்றனர். தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்தில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு மக்கள் செய்யும் தொழிலையும் சேர்த்தது, பறையையும் சேர்த்தது. தோழர்களே, இதை நாம் மறக்கலாகாது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு என்று இலக்கணம் வகுத்த மொழி நம் மொழி. உழைப்பவனும் பறையும் இல்லாத நிலம், தமிழ் மரபில் முழுமையான நிலமே அன்று. பின்னாளில் அந்தப் பறையை இழிவென்று ஊருக்கு வெளியே தள்ளியவர்கள், நிலத்தின் படத்திலிருந்தும் நம்மைத் தள்ளினர்.

தள்ளப்பட்டது எவ்வாறு என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர் இருவர், சிற்றப்பனும் மகனும் ஆனவர்கள், 1792, 1793ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் சுற்றி நம் கோயில்களையும் குன்றுகளையும் வரைந்தனர். தாயகம் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 144 அச்சோவியங்களைத் தொகுதி தொகுதியாக இலண்டனில் வெளியிட்டனர். மேலைநாட்டார் இந்தியா என்றால் எப்படியிருக்கும் என்று மனத்தில் எழுதிக்கொண்டதற்கு அப்படங்கள் பெருங்காரணம். அவற்றில் வேலைத்திறன் பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் கோபுரத்தின் உயரத்தைக் காட்டவும், ஆலமரத்தின் பரப்பைக் காட்டவும் மனிதர்கள் பெரும்பாலும் சிறு உருவங்களாய் ஓரத்தில் நிற்பார்கள். அவர்கள் யார், என்ன உண்டார்கள், அந்தக் கோபுரத்துக்குள் நுழைய அவர்களுக்கு உரிமை இருந்ததா என்ற கேள்விகளுக்கு அப்படங்களில் இடமில்லை. நிலம் படமாயிற்று; நிலத்தில் உழைத்தவன் அளவுகோலானான்.

இதற்கு மாறாக நின்ற ஒருவரையும் காண்போம். பிரெஞ்சு நாட்டோடு நம் புதுவைக்கு நெடுநாளைய தொடர்பு உண்டு. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்தான் ஆட்சி கைமாறியது. அந்நாட்டின் நார்மண்டியில் குருஷி என்ற சிற்றூரில் 1814இல் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர் ழான் பிரான்சுவா மியே. 1857இல் அவர் காட்சிக்கு வைத்த ஓவியத்தில் மூன்று பெண்கள் அறுவடை முடிந்த வயலில் குனிந்து, சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். அறுத்த கதிர் எல்லாம் நிலக்காரருக்கு. சிந்திய கதிர் மட்டும் ஏழைக்கு. இந்தக் கணக்கு நம் பாட்டிமார்களுக்குப் புதிதன்று. செல்வர்கள் அந்தப் படத்தைக் கண்டு முகஞ்சுளித்தனர். ஏழைப் பெண்களுக்கு அவ்வளவு பெரிய உருவமும் அவ்வளவு கண்ணியமும் எதற்கு என்பதே அவர்கள் குறை. ஓவியம் வருவதற்கு முன்பே அதே காட்சியை மியே செப்புத்தகட்டில் பொறித்து அச்சோவியமாகவும் எடுத்திருந்தார்.

1865ஆம் ஆண்டையடுத்து அவர் மிகுதியாகக் கையாண்டது பேஸ்டல். வண்ணப்பொடியைச் சிறிதளவு பசையோடு பிசைந்து கோலாக உருட்டிக் காயவைத்தால் அதுவே பேஸ்டல். நீர் வேண்டா, எண்ணெய் வேண்டா, தூரிகையும் வேண்டா. சொரசொரப்பான தாளில் விரலால் தேய்த்தால் காலைப் பனியும் வரும்; அழுத்தி இழுத்தால் உழுத மண்ணின் கட்டியும் வரும். வயலோரம் நின்று விரைந்து வரைய இதைப்போல் எளிய கருவி வேறில்லை. நம் மாணவன் பள்ளியில் பொறுக்கிய சுண்ணக்கட்டி, இந்தப் பேஸ்டலின் ஏழைத் தங்கை.

1875இல் மியே காலமானார். அவ்வாண்டிலேயே ஒருவர் சேர்த்துவைத்திருந்த அவருடைய பேஸ்டல்களும் கோட்டோவியங்களும் பாரிசில் விற்பனைக்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அப்போது பாரிசு ஓவியக் கடையொன்றில் வேலைசெய்த இருபத்திரண்டு வயது இளைஞர் வின்சென்ட் வான்கோ அந்தக் கூடத்துக்குச் சென்றார். புனிதமான மண்ணில் நிற்பதால் காலணியைக் கழற்றிவிட வேண்டும் போன்ற உணர்வு தமக்கு அங்கே ஏற்பட்டதாகத் தம்பிக்கு எழுதினார். அன்பர்களே, இதைக் கேட்கும்போது நம் நெஞ்சில் வேறொன்றும் எழுகிறது. ஊர்த்தெருவில் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும்படி நம் பாட்டன்மார் கட்டாயப்படுத்தப்பட்டனர். அது அடிமைத்தனத்தின் அடையாளம். இங்கே ஒருவர், உழைக்கும் ஏழையின் படத்தின் முன்னே தாமாகவே காலணியைக் கழற்ற விரும்பினார். ஆணையிட்டவர் எவரும் இல்லை. வண்ணச் சுண்ணக்கோலால் வரைந்த தாள்கள்தாம் அவரை அவ்வாறு நிற்கவைத்தன. ஓவியத்துக்கு இந்த ஆற்றல் உண்டு என்பதை அன்று செயற்குழுவில் நாம் அறிந்திருக்கவில்லை.

அடுத்து அச்சோவியம் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற மக்களுக்கு மிகவும் ஏற்ற கலை இது. ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் ஒருவர் சுவரில்தான் தொங்கும். அச்சோவியம் அப்படியன்று. மரப்பலகையிலோ, லினோலியத் துண்டிலோ, செம்பு, துத்தநாகத் தகட்டிலோ, கல்லிலோ ஓவியர் தம் கையாலேயே படத்தை அமைத்து, மை பூசி, தாளில் ஒற்றி எடுக்கிறார். இருபது படிகள் எடுத்தால் ஒவ்வொன்றின் கீழும் 1/20, 2/20 என்று எண்ணிட்டுக் கையொப்பமிடுவார். அத்தனையும் மூலப்படமே, நகல் அன்று. விலை பகிர்ந்துகொள்ளப்படுவதால் எளியவரும் வாங்கலாம். தட்டி அச்சிடும் கடையில் எந்திரம் பல நூறு படிகளைக் கக்குகிறதே, அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, கடையில் வாங்கிய மாவுக்கும் அம்மா கையால் அரைத்த மாவுக்கும் உள்ள வேறுபாடு போன்றது.

அச்சுக்கு நம் வரலாற்றில் வேறொரு பங்கும் உண்டு. ஓவியர் இரவிவர்மா 1894இல் பம்பாய்ப் பக்கம் கல்லச்சுக்கூடம் நிறுவித் தெய்வப் படங்களை வண்ணத்தில் அச்சிட்டார். திருவிதாங்கூரில் ஆலயக் கதவுகள் அனைத்துச் சாதி இந்துக்களுக்கும் திறக்கப்பட்டதோ 1936இல். கருவறைக்கு நெடுந்தொலைவில் நிறுத்தப்பட்டவர்களின் வீட்டுக்குள்ளும் அச்சுத்தாள் நுழைந்துவிட்டது. கதவு திறக்கும் முன்பே தாள் திறந்துவிட்டது எனலாம். அச்சுக்குத் தீட்டுத் தெரியாது.

நம் பக்கத்து மண்ணிலிருந்து அச்சோவியத்தின் உச்சிக்குச் சென்றவர் கிருஷ்ண ரெட்டி. சித்தூர் மாவட்டத்தில் நந்தனூர் என்ற சிற்றூரில் 1925இல் பிறந்து, சாந்திநிகேதனில் நந்தலால் போசிடம் பயின்று, சென்னைக் கலாட்சேத்திரத்தில் ஓவிய ஆசிரியராகவும் இருந்தவர். பின்னர் பாரிசு சென்று, ஹேட்டர் என்பார் நடத்திவந்த புகழ்பெற்ற அச்சோவியப் பட்டறையில் சேர்ந்தார்; பிற்காலத்தில் அப்பட்டறையின் இணை இயக்குநராகவும் ஆனார். அதுவரை பல வண்ண அச்சுக்குப் பொதுவாக வண்ணத்துக்கொரு தகடு வேண்டியிருந்தது. ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒருசேரப் பூசி ஒரே முறையில் ஒற்றி எடுக்கும் வழியை அப்பட்டறையில் கண்டு வளர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

அந்த முறை எளிய அறிவில் பிறந்தது. தகட்டைப் பள்ளமும் மேடுமாகச் செதுக்குவர். எண்ணெய் மிகுந்த இளகிய மையும், எண்ணெய் குறைந்த இறுகிய மையும் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டுவதில்லை. மென்மையான உருளை பள்ளத்துக்குள்ளும் இறங்கும். கடினமான உருளை மேட்டை மட்டுமே தொடும். ஆகவே ஒவ்வொரு மையும் தனக்குரிய இடத்தில் தங்கிவிடும். சேற்றில் நீர் எங்கே தங்கும், எங்கே வடியும் என்று அறிந்த உழவனுக்கு இது விளங்காமற் போகாது. 1963இல் அவர் படைத்த 'அலை', 'நீர்ச்சுழல்' ஆகிய அச்சோவியங்களில் நீரை அதன் வெளித்தோற்றமாக அன்றி, அதன் இயக்கமாகவே காட்டினார். 1968இல் பாரிசு மாணவர் கிளர்ச்சி எழுந்தபோது, நீரை வரைந்த அதே கை ஆர்ப்பாட்டம் செய்யும் மக்களையும் வரைந்தது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். 2018இல் நியூயார்க்கில் காலமானார். இவர் நம் சமூகத்தவர் அல்லர். ஆயினும் சிற்றூரில் பிறந்த ஒருவன் தன் கைத்தொழிலால் உலகுக்கே ஆசிரியனாகலாம் என்பதற்கு இவர் வாழ்க்கை சான்று.

நம் சமூகத்தவர் ஒருவரும் இல்லையா என்று இளைஞர்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு புத்தம் தழுவிய நாகபுரி மண்ணில், அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின் 1961இல் பிறந்தவர் ஓவியர் சவி சாவர்கர். பெயரொற்றுமையால் வேறொருவரோடு குழப்பிக்கொள்ள வேண்டா. பரோடா பல்கலைக்கழகத்தில் அச்சோவியம் பயின்று, பின்னர் தில்லி ஓவியக் கல்லூரியில் ஆசிரியரானவர். பேஷ்வாக்கள் ஆண்ட புனே நகரில் தீண்டப்படாதார் எச்சில் நிலத்தில் விழாதிருக்கக் கழுத்தில் கலயமும், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்த கொடுமையை அண்ணல் தம் எழுத்தில் எடுத்துரைத்திருக்கிறார். அந்த மனிதனையே சவி சாவர்கர் தகட்டில் அமிலத்தால் பொறித்தார். எவன் காலடித் தடம் நிலத்தில் இருக்கக்கூடாது என்று அழிக்கப்பட்டதோ, அவன் உருவம் அழியாத தடமாகத் தகட்டில் பதிந்தது. அது நிலக்காட்சி அன்று என்பார் உண்டு. நாம் கூறுவோம்: அந்த நிலத்தின் உண்மையான காட்சி அதுதான்.

இவ்விடத்தில் இளைஞர்களுக்கு ஒரு சொல். நம் துயரத்தை மட்டுமே நாம் வரைய வேண்டும் என்று எவரும் நமக்குக் கட்டளையிட வேண்டா. ஏரியையும் மேகத்தையும் வேப்பம்பூவையும் வரையும் உரிமையும் நம்முடையதே. அழகு பிறருக்கு, அழுகை நமக்கு என்ற பங்கீட்டை நாம் ஏற்கலாகாது. வழுதாவூர் சாலை வழியே போகும்போது கனகன் ஏரியைப் பாருங்கள். அதன் நீரால் விளைந்த வயல்கள் பல மனைகளாகிவிட்டன. அருகே பெரிய மருத்துவக் கல்லூரி எழுந்துள்ளது. நம் பிள்ளைகள் அங்கே படிப்பது நமக்குப் பெருமையே. ஆனால் அந்த வயல்களில் எந்த மடையில் எந்தக் குடும்பம் வேலை செய்தது, எந்த வரப்பில் குழந்தைக்குத் தூளி கட்டினார்கள் என்பது எந்தப் பத்திரத்திலும் இல்லை. நம் மூத்தோர் நினைவில் மட்டும் இருக்கிறது. பத்திரம் இல்லாதவனுக்குப் படமாவது வேண்டாவா?

இனி, பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருவோம். "ஓவியம் சோறு போடுமா?" நியாயமான கேள்வி. பொய் சொல்லி உங்களை மயக்க மாட்டோம். ஓவியக் காட்சியில் விற்பதைமட்டும் நம்பி வாழ்வது கடினம். காட்சிக்கூடத்தார் விற்ற தொகையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ எடுத்துக்கொள்வது வழக்கம். பேஸ்டல் படத்துக்குக் கண்ணாடியும் சட்டமும் இன்றியமையாதவை. அவற்றின் செலவு ஓவியர் தலையில்தான் பெரும்பாலும் விழும். ஒரு காட்சியில் படம் ஏதும் விற்காமலே திரும்புவதும் உண்டு.

இதற்கு வழி கண்டவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். கோவையில் 1911இல் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர், குடும்பச் சுமையால் முதலில் வேலைக்குச் சென்று, இருபத்தைந்து வயதில்தான் சென்னைக் கலைப்பள்ளியில் சேர்ந்தார். நீர்வண்ணத்தில் தீட்டிய நிலக்காட்சிகளால் முதலில் பெயர் பெற்றவர் அவர். 1957 முதல் பத்தாண்டுகள் அப்பள்ளிக்கே தலைவராக இருந்தபோது, படித்து வெளியேறும் மாணவர்கள் பிழைப்புக்கு வழியின்றிக் கலையைக் கைவிடுவதைக் கண்டு வருந்தினார். ஓவியர்களையும் மாணவர்களையும் சேர்த்துப் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்கவைத்தார். அந்த வருவாயில் சென்னைக்குத் தெற்கே கடலோரம் நிலம் வாங்கினர். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தது. பகலில் ஒரு பகுதி கைவினை, மறுபகுதி ஓவியம். வள்ளல் ஒருவரின் கையை எதிர்பாராமல், தம் கைகளாலேயே வீடும் பட்டறையும் காட்சிக்கூடமும் கட்டிக்கொண்டார்கள். கைத்தொழில் அறிந்த நம் மக்களுக்கு இந்தப் பாடம் எளிதில் விளங்கும். ஒரு கையில் தொழில், மறுகையில் கலை. பள்ளி ஓவிய ஆசிரியர் பணி, நூல்களுக்குப் படம் வரைதல், துணி வடிவமைப்பு, அசைவுப்படம், அருங்காட்சியகப் பணி எனத் தொழில்கள் பல இன்று உண்டு.

கற்பதற்கும் இடம் தொலைவில் இல்லை. அரியாங்குப்பத்தில் புதுவை அரசு சார்பில் இயங்கும் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னை கிரீம்ஸ் சாலையில் இலலித கலா அக்காதெமியின் மண்டல மையத்தில் அச்சோவியப் பட்டறையே இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் வரை காத்திருக்கவும் வேண்டா. ஒரு துண்டு லினோலியம், இரண்டு செதுக்குளிகள், சிறிது அச்சுமை, மெல்லிய தாள், தாளைத் தேய்க்க அடுக்களைக் கரண்டி ஒன்றின் பின்புறம். இவ்வளவு இருந்தால் வீட்டுத் திண்ணையே அச்சுக்கூடமாகும். ஒன்றுமட்டும் நினைவில் வையுங்கள்: தகட்டில் வலப்புறம் செதுக்கியது தாளில் இடப்புறம் வரும். நம் சமூகத்தின் கதையும் அப்படித்தான். எதிரில் நிற்பவர் கண்ணுக்குத் தலைகீழாகத் தெரிந்ததை நாம்தான் நேராக ஒற்றி எடுக்க வேண்டும்.

நிறைவாக, இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது: அடுத்த கல்வியாண்டு முதல் நம் உதவித்தொகையில் ஓரிடமேனும் ஓவியமோ அச்சோவியமோ கற்கும் மாணவருக்கு, ஆண் பெண் வேறுபாடின்றி, ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவது: நம் சங்கக் கட்டடத்தின் கூடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நம் பிள்ளைகளின் ஓவியக் காட்சி நடைபெற வேண்டும். காட்சிக்கூடம் என்பது பளிங்குத் தரையில் மட்டும் இருப்பதன்று. வெள்ளையடித்த சுவரும், நல்ல வெளிச்சமும், நின்று பார்க்கும் நாலு பேரும் இருந்தால் அது காட்சிக்கூடமே. மூன்றாவது: நம் மூத்தோரின் நினைவில் உள்ள கதிர்காமத்தை, அதன் ஏரியை, மடையை, களத்தை, குடிசையை, தெருவைப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வரைய வேண்டும். அவற்றுள் ஒன்றை ஆண்டுதோறும் அச்சோவியமாக எடுத்து, உறுப்பினர் வீடுதோறும் ஒரு படி கொடுக்க வேண்டும். தலைவர்களின் படங்களுக்குப் பக்கத்தில் நம் நிலத்தின் படமும் தொங்கட்டும்.

நான்காவதாக ஒன்று உண்டு. அது வேண்டுகோள் அன்று, நம் கடன். அந்த மாணவனைச் சென்று கண்டோம் என்றோமே, விடைபெறும்போது "இப்போதும் வரைவாயா?" என்று கேட்டோம். அவன் உடனே மறுமொழி சொல்லவில்லை. கையில் ஒட்டியிருந்த அச்சுமையைத் துடைத்துக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமைகளில்" என்றான். அவன் விண்ணப்பம் நம் கோப்பில் இன்னும் இருக்கிறது. வயது கடந்துவிட்டது என்று எவரும் சொல்ல வேண்டா. பணிக்கர் கலைப்பள்ளியில் சேர்ந்த வயதை இப்போதுதான் சொன்னோம். குறிப்பேட்டில் அன்று எழுதிய ஒரு வரிக்குக் கீழே, வெள்ளிவிழா ஆண்டில் இன்னொரு வரியை எழுதுவோம். அந்தத் தாயின் குனிந்த முதுகு முழுப்படமாகி, கண்ணாடிக்குள் அமர்ந்து, நம் கூடத்தின் சுவரில் முதற்படமாகத் தொங்கும் நாள் வரட்டும். அன்று அதன் முன்னே நின்று பார்ப்போர் யாவராயினும், என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்கள் நெஞ்சமே அவர்களுக்குச் சொல்லும்.

செய் பீம்!